பைபாஸுக்கு முன் அந்தக் குளிசையை நிறுத்தலாமா?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு மகள் எழுதிய கடிதம் இது. அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறோம்.

அப்பாவுக்கு வயது 67. பிரஷருக்காக ஒன்பது வருடமாகக் காலையில் அட்டெனலோல் 50 மில்லிகிராம் எடுக்கிறார். அதோடு லோசார்ட்டன், அட்டோர்வாஸ்டட்டின், அஸ்பிரின். சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமினும் கிளிக்ளசைடும். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் மூன்று குழாய்களில் அடைப்பு என்று அஞ்சியோகிராமில் தெரிந்து, கொழும்பில் ஓர் அரசாங்க வைத்தியசாலையில் இன்னும் மூன்று வாரத்தில் பைபாஸுக்குத் திகதி கிடைத்திருக்கிறது. மழைக்காலத்தில் அவருக்கு இழுப்பு வரும். போன வருடத்தில் இருந்து அது கூடியிருக்கிறது, பம்ப் அடிக்கடி தேவைப்படுகிறது. வீட்டில் பார்த்தால் நாடித் துடிப்பு 56.

பிரச்சினை தொடங்கியது இரண்டு பக்கத்தில் இருந்து. “துடிப்பு இவ்வளவு குறைவாக இருந்தால் மயக்க மருந்து கொடுக்கும்போது இதயம் நின்றுவிடும்” என்று தெரிந்தவர் ஒருவர் அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறார். “ஒப்பரேஷனுக்கு முன் பீட்டா புளொக்கர் கொடுத்தால் பக்கவாதமும் சாவும் கூடும்” என்ற ஒரு கட்டுரையை ரொறொன்ரோவில் இருக்கும் அண்ணா வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அட்டெனலோல் அந்த வகைக் குளிசைதான். அப்பா நான்கு நாளாக அட்டெனலோலைத் தொடவில்லை. மறுபக்கம், அதே தெருவில் பைபாஸ் செய்த ஒருவருக்கு மூன்றாம் நாள் இதயம் தாறுமாறாகத் துடித்து மறுபடி ஐசியுவுக்குக் கொண்டுபோனார்களாம். “அவருக்கு ஒப்பரேஷன் பிழைத்துவிட்டதா? அப்பாவுக்கும் அப்படி வராமல் தடுக்க மருந்து இருக்கிறதா? அதுவும் இதே வகைக் குளிசைதான் என்கிறார்களே, எதை நம்புவது? பிறகு அதை வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறார். பொட்டாசியம் நல்லது என்று அம்மா தினமும் செவ்விளநீர் கொடுக்கிறார், அது சரியா என்பதும் ஒரு கேள்வி. கடிதத்தோடு கிளினிக் கொப்பியின் படங்களும் வந்திருந்தன.

அன்புள்ள சகோதரிக்கு,

குளிசையை நான்கு நாளாக நிறுத்தியிருக்கிறார் என்று எழுதியிருந்ததால், அந்த ஒரு விடயத்துக்கு மட்டும் இந்தப் பதில் அச்சாகும்வரை காத்திராமல் உடனே பதில் அனுப்பினோம்: அன்றைக்கே சத்திரசிகிச்சைப் பிரிவுக்கோ கிளினிக்குக்கோ அறிவித்து, அவர்கள் சொல்லும் அளவில் மறுபடி தொடங்குங்கள். விடுபட்ட நாட்களுக்கும் சேர்த்து இரண்டு மூன்று குளிசைகளை ஒன்றாகக் கொடுக்க வேண்டாம். இடையில் நெஞ்சுநோ வந்தால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே தவறை இன்னும் பல வீடுகளில் செய்கிறார்கள்.

நிறுத்துவதில் உள்ள ஆபத்து

இதயத்தை வேகமாகத் துடிக்க வைப்பது உடம்பில் சுரக்கும் அட்ரினலின். அது இதயத்தில் வேலை செய்யும் இடங்களை மறித்து வைக்கும் மருந்து அட்டெனலோல். வருடக்கணக்கில் மறித்து வைத்தால் உடம்பு சும்மா இருப்பதில்லை. அந்த இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும். கதவை அடைத்ததால் வீட்டுக்காரன் புதிதாக நாலு கதவு வெட்டியது மாதிரி. திடீரென்று மருந்தை எடுத்துவிட்டால் பழைய கதவுகளோடு புதியவையும் திறந்துகொள்ளும். அதே அளவு அட்ரினலினுக்கு இதயம் முன்னைவிட வேகமாகவும் பலமாகவும் துடிக்கும். மூன்று குழாய்களில் அடைப்புள்ளவருக்கு அந்த வேகம் நெஞ்சுநோவாக மாறலாம், மாரடைப்பாகவும் மாறலாம். கடைசிக் குளிசைக்குப் பின் முதல் சில நாட்களில் இருந்து இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கும். எந்தக் காரணத்துக்காக நிறுத்த நேர்ந்தாலும், ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பதுதான் வழக்கம்.

மயக்க மருந்துப் பயத்துக்கு வருவோம். அட்டெனலோல் எடுப்பவருக்கு 56 என்பது நோயல்ல, மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளம். தலைசுற்று, மயக்கம், கடும் களைப்பு இல்லாமல், ஈசிஜியில் மின்கடத்தல் தடையும் இல்லாமல் இருந்தால் அந்த எண்ணுக்காக மட்டும் யாரும் ஒப்பரேஷனைத் தள்ளிப்போட மாட்டார்கள். மயக்க மருந்து வைத்தியர் ஒவ்வொரு துடிப்பையும் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியில் பலருக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. இதய சத்திரசிகிச்சை முடியும் தறுவாயில் இதயத்தின் மேற்பரப்பில் மெல்லிய கம்பிகளைத் தைத்து, நுனியை நெஞ்சுக்குக் கீழே தோலுக்கு வெளியே விடுவது பல பிரிவுகளின் வழக்கம். துடிப்பு மெதுவானால் அவற்றை வெளியில் உள்ள பேஸ்மேக்கர் பெட்டியோடு இணைத்து வேண்டிய வேகத்தில் துடிக்க வைப்பார்கள். தேவையில்லை என்று உறுதியானதும் வீட்டுக்கு வருமுன் இழுத்து எடுத்துவிடுவார்கள். ஆகவே துடிப்புக் குறைந்தால் அங்கே கையோடு வழி இருக்கிறது. குளிசையை நிறுத்தி வீட்டில் துடிப்பு தாறுமாறாக ஏறினால்தான் கையில் வழியில்லை.

அண்ணா அனுப்பிய கட்டுரை

அண்ணா பொய்யான செய்தியை அனுப்பவில்லை. வேறு நோயாளர்களைப் பற்றிய உண்மையை அனுப்பியிருக்கிறார். அந்தக் கட்டுரை சொல்வது 2008 இல் வெளியான பொய்ஸ் (POISE) என்ற பெரிய ஆய்வைப் பற்றி. 8351 பேர். எல்லோருக்கும் நடந்தது இதயம் அல்லாத சத்திரசிகிச்சை. ஏற்கெனவே பீட்டா புளொக்கர் எடுத்துக்கொண்டிருந்தவர்களை அதில் சேர்க்கவில்லை. முன்பின் பழக்கமில்லாதவர்களுக்கு ஒப்பரேஷனுக்கு 2 முதல் 4 மணித்தியாலத்துக்கு முன் நீண்டநேரம் வேலை செய்யும் மெட்டோப்ரோலோலை 100 மில்லிகிராமில் தொடங்கி, பிறகு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் கொடுத்தார்கள். மாரடைப்பு குறைந்தது. ஆனால் இரத்த அழுத்தம் விழுந்து, இறப்பு 2.3 சதவீதத்தில் இருந்து 3.1 ஆகவும், பக்கவாதம் 0.5 இல் இருந்து 1.0 ஆகவும் கூடியது.

அந்த ஆய்வில் இருந்து நாம் எடுத்துக்கொள்வது: பழக்கமில்லாத ஒருவருக்கு, கடைசி நேரத்தில், பெரிய அளவில் தொடங்கக் கூடாது. உங்கள் அப்பா ஒன்பது வருடமாக எடுப்பவர். அவருக்கு நடக்கப்போவதும் இதய சத்திரசிகிச்சை. அந்த முடிவை இவர்மேல் போட முடியாது. அண்ணாவோடு கதைக்கும்போது இந்த இரண்டையும் சொன்னால் போதும், சண்டை தேவையில்லை.

மூன்றாம் நாள் வரும் தாறுமாறான துடிப்பு

அந்தத் தெருக்காரருக்கு வந்தது பெரும்பாலும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், வைத்தியர்கள் ஏஎஃப் என்று சுருக்கமாகச் சொல்வது. இதயத்தின் மேலறைகள் (பள்ளிக்கூடப் புத்தகத்தில் சோணையறைகள்) ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கத் தொடங்கும். கீழறைகள் அந்த நடுக்கத்துக்கு ஏற்றபடி ஒழுங்கில்லாமல், பெரும்பாலும் வேகமாகத் துடிக்கும். பைபாஸ் மட்டும் செய்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கோ மூவரில் ஒருவருக்கோ இது வரும். வால்வு ஒப்பரேஷனும் சேர்ந்தால் பாதிப்பேர் வரைக்கும் போகும். ஆகவே ஒப்பரேஷன் பிழைத்துவிட்டது என்று பொருளில்லை. தைத்த குழாய்கள் அழகாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இது வரலாம்.

ஏன் இரண்டாம் மூன்றாம் நாள்? ஒப்பரேஷனின் காயத்துக்கு உடம்பு காட்டும் அழற்சி அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். இதயத்தைச் சுற்றிய பையில் கொஞ்சம் இரத்தமும் நீரும் தேங்கி மேலறைச் சுவரை உறுத்தும். ஏற்றிய சேலைன் திசுக்களில் இருந்து இரத்தத்துக்குத் திரும்பி மேலறைகளை விரிய வைக்கும். நோவும் தூக்கமின்மையும் அட்ரினலினைக் கூட்டும். பொட்டாசியமும் மக்னீசியமும் சிறுநீரில் இறங்கியிருக்கும். இவற்றோடு, வழமையான பீட்டா புளொக்கரை யாராவது மறுபடி தொடங்க மறந்திருந்தால், முன்னே சொன்ன “கூடுதல் கதவு” விவகாரம் சரியாக அந்த நாட்களில் வந்து சேரும். வயது, பிரஷர், நுரையீரல் நோய், உடற்பருமன், பெரிதான இடது மேலறை ஆகியவை ஆபத்தைக் கூட்டும். அப்பாவிடம் இவற்றில் இரண்டு மூன்று இருக்கின்றன.

பெரும்பாலானவர்களுக்கு இது தற்காலிகமானது. 2016 இல் வந்த ஓர் ஆய்வில் இப்படி ஏஎஃப் வந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தினார்கள், மற்றப் பகுதியினருக்கு ஒழுங்கைத் திருப்பும் மருந்து கொடுத்தார்கள். 60 நாள் ஆனபோது இரு பகுதியிலும் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவர்கள் ஒழுங்கான துடிப்புக்குத் திரும்பியிருந்தார்கள். ஆனாலும் அலட்சியமாக விட முடியாது. நடுங்கும் மேலறையில் இரத்தம் உறைந்து மூளைக்குப் போகலாம். பிரஷர் விழலாம். வைத்தியசாலை நாட்கள் கூடும்.

பீட்டா புளொக்கர் எவ்வளவு தடுக்கும்

இதய சத்திரசிகிச்சையில் செய்த பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், பீட்டா புளொக்கர் கொடுத்தவர்களுக்கு ஏஎஃப் வருவது ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. இந்தப் “பாதி” என்ற கணக்கைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும். அந்த ஆய்வுகள் பலவற்றில், ஒப்பீட்டுக்கு வைத்த பகுதியினர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்த பீட்டா புளொக்கரை ஒப்பரேஷனோடு நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதாலேயே அவர்களுக்கு ஏஎஃப் கூடியது. அவர்களோடு ஒப்பிட்டபோது மருந்தின் பலன் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. பழைய மருந்தை நிறுத்தாத ஆய்வுகளில் பலன் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அளவு குறைவு. அப்பாவுக்கு இதில் இருந்து கிடைக்கும் பாடம் என் பார்வையில் மிகத் தெளிவு: புதிதாக எதையாவது சேர்ப்பதைவிட, இருப்பதை விடாமல் வைத்திருப்பதில்தான் அவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பின் பெரும்பங்கு இருக்கிறது.

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏஎஃப் குறைவதால் இறப்போ பக்கவாதமோ குறைகிறது என்று தெளிவாக நிரூபிக்கப்படவில்லை. அமெரிக்க வழிகாட்டிகளும் முன்னர் “குறைந்தது 24 மணித்தியாலத்துக்கு முன் தொடங்குங்கள்” என்று உறுதியாகச் சொன்னவை, 2023 இல் “கொடுப்பது நியாயமானது” என்ற அளவுக்குச் சுருதியை இறக்கிக்கொண்டன. எடுத்தும் ஏஎஃப் வந்தால் மருந்து பிழை என்றோ யாரோ கவனிக்கவில்லை என்றோ நினைக்க வேண்டாம்.

நடைமுறை இப்படித்தான் இருக்கும். ஒப்பரேஷன் நாள் காலையில், பிரிவு வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், பீட்டா புளொக்கர் குளிசையை ஒரு மிடறு தண்ணீரோடு எடுப்பார். பிறகு ஐசியுவில், இதயத்துக்குத் துணையாக ஏற்றும் அட்ரினலின், நோரட்ரினலின் போன்றவை நிற்கும்வரை அது கொடுக்கப்படாது. ஒரு பக்கம் தூண்டிக்கொண்டு மறுபக்கம் அடக்க முடியாது. அவை நின்று, மூச்சுக்காக வாயில் வைத்த குழாயை எடுத்து, வாயால் குடிக்கத் தொடங்கியதும், பெரும்பாலும் முதலாம் இரண்டாம் நாளில், சிறிய அளவில் மறுபடி தொடங்குவார்கள்: மெட்டோப்ரோலோல் 12.5 அல்லது 25 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை, அல்லது பிசோப்ரோலோல் 1.25 அல்லது 2.5 மில்லிகிராம் ஒருமுறை. சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருந்தால் அட்டெனலோலைத் தவிர்ப்பார்கள். அது சிறுநீரகத்தால் வெளியேறும் மருந்து, தேங்கிவிடும். துடிப்பு 55 அளவுக்குக் கீழே, மேல் பிரஷர் 100க்குக் கீழே, ஈசிஜியில் கடத்தல் தடை, நெஞ்சில் இழுப்புச் சத்தம் என்று இருந்தால் தாதி அந்த வேளைக் குளிசையை நிறுத்தி வைத்து வைத்தியரைக் கேட்பார். அதைப் பார்த்து “மருந்து கொடுக்க மறந்துவிட்டார்கள்” என்று வீட்டார் கோபப்படுவதுண்டு. காரணத்தைக் கேளுங்கள், சொல்வார்கள். ஆனால் இரண்டாம் நாள் மாலை ஆகியும் குளிசையைப் பற்றிய பேச்சே இல்லை என்றால், “அப்பா வீட்டில் ஒன்பது வருடம் அட்டெனலோல் எடுத்தவர், மறுபடி எப்போது தொடங்குவீர்கள்?” என்று நீங்களே கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. நல்ல கேள்வி அது.

நீங்கள் கேட்காத ஒன்று: கண் மருந்து

கிளினிக் கொப்பியின் படத்தில், கடைசிப் பக்கத்தில், வேறு கையெழுத்தில் டிமோலோல் 0.5 சதவீதச் சொட்டு மருந்து, இரு கண்ணுக்கும், நாளுக்கு இருமுறை என்று இருக்கிறது. திகதி போன வருடத்து. இழுப்பு கூடியதும் போன வருடத்தில் இருந்து என்று எழுதியிருக்கிறீர்கள். கண் மருந்துதானே என்று கடிதத்தில் அதை நீங்கள் குறிப்பிடவேயில்லை.

கண் அழுத்த நோய்க்குக் கொடுக்கும் டிமோலோலும் ஒரு பீட்டா புளொக்கர். அதுவும் இதயத்தை மட்டும் குறிவைக்காமல் மூச்சுக்குழாயையும் சேர்த்துச் சுருக்கும் வகை. கண்ணில் விட்ட சொட்டு, மூக்கோடு சேரும் கண்ணீர்க் குழாய் வழியாக இறங்கி, ஈரலைச் சந்திக்காமல் நேரே இரத்தத்தில் சேர்ந்துவிடும். சிலருக்கு இழுப்பைக் கிளப்பவும் துடிப்பைக் குறைக்கவும் அந்தச் சிறு அளவே போதும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாத மருந்துகளில் அது ஒன்று. அட்டெனலோல் அந்த அளவுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்காது. குறைந்த அளவில் அது பெரும்பாலும் இதயத்தோடு நின்றுகொள்ளும், எட்டு வருடம் இவர் அதைச் சிரமமின்றி எடுத்துமிருக்கிறார். ஆகவே என் சந்தேகம் சொட்டு மருந்தின்மேல்தான். சந்தேகம் என்றுதான் சொல்கிறேன். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் தேங்கினாலும் இழுப்புப் போலவே கேட்கும், அதை எக்கோவும் நெஞ்சு எக்ஸ்ரேயும் காட்டும்.

இதையும் தானாக நிறுத்த வேண்டாம், கண் அழுத்தம் ஏறிப் பார்வை போகலாம். இந்த வாரமே கண் கிளினிக்கில் “ஆஸ்துமா இருக்கிறது, பைபாஸுக்குத் திகதி கிடைத்திருக்கிறது” என்று சொல்லுங்கள். லட்டனோபுரொஸ்ட் போன்ற வேறு வகைச் சொட்டுக்கு மாற்ற இடமிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதுவரை சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணின் உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் இரத்தத்துக்குப் போகும் அளவு குறையும். மயக்க மருந்து வைத்தியரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். அவர் “வேறு என்ன மருந்து?” என்று கேட்கும்போது எல்லோரும் குளிசைகளை மட்டுமே எண்ணுகிறார்கள்.

இழுப்புக் காரணமாகப் பீட்டா புளொக்கரே கூடாது என்று முடிவானால் வழி அடைபட்டுப் போகாது. அமியோடரோன் என்ற மருந்தைச் சில நாள் அல்லது சில வாரத்துக்குக் கொடுப்பதுண்டு. ஏஎஃபைத் தடுப்பதில் அதுவும் பயன்தரும். நீண்ட நாள் எடுத்தால் தைரொய்ட், நுரையீரல், ஈரல் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வோஃபரினோடு சேர்ந்தால் அந்த மருந்தின் வேலை அளவுக்கு மேல் கூடிவிடும். இன்னொரு வழி சத்திரசிகிச்சை நிபுணரின் கையில் இருக்கிறது. இதயப் பையின் பின்பக்கத்தில் ஒரு சிறு திறப்பு வைத்து, தேங்கும் நீர் இடது நெஞ்சறைக்கு வடிய விடுவது. 2021 இல் வெளியான ஆய்வொன்றில் அப்படிச் செய்தவர்களில் 17 சதவீதத்தினருக்கும் செய்யாதவர்களில் 32 சதவீதத்தினருக்கும் ஏஎஃப் வந்தது. உங்கள் பிரிவில் அது வழக்கமா என்று கேட்கலாம், வற்புறுத்த வேண்டியதில்லை.

செவ்விளநீரும் சீனியும்

அம்மாவின் அக்கறை புரிகிறது, ஆனால் தினமும் வேண்டாம். லோசார்ட்டன் பொட்டாசியத்தை உடம்பில் தக்கவைக்கும். சீனி வருத்தக்காரரின் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தால் செவ்விளநீரும் சேர்ந்து அளவு கூடிப்போகும். கூடிய பொட்டாசியமும் துடிப்பைக் குழப்பும், சிலவேளை ஏஎஃபைவிட மோசமாக. ஒப்பரேஷனுக்குப் பிறகு பொட்டாசியத்தை இரத்தப் பரிசோதனையில் பார்த்து, குறைந்தால் ஐசியுவில் ஏற்றுவார்கள். அதிலும் 2024 இல் வந்த ஆய்வொன்று, 4.5க்கு மேல் வைத்திருக்க ஓயாமல் ஏற்றுவதால் கூடுதல் பலன் இல்லை, 3.6க்குக் கீழ் விழும்போது மட்டும் ஏற்றினாலும் ஏஎஃப் கூடவில்லை என்று காட்டியது. அப்பாவின் கடைசி இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, எப்போதாவது குடிக்கலாமா என்பதைக் கிளினிக்கில் கேளுங்கள்.

கிளிக்ளசைட் எடுப்பவருக்குச் சீனி இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். பீட்டா புளொக்கர் இந்த இரண்டையும் மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. ஒப்பரேஷனுக்குப் பின் சாப்பாடு இறங்காத நாட்களில் அப்பா திடீரென்று வியர்த்துக் குழம்பிப் பேசினால், முதலில் சீனியைப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் உடனே மூன்று நான்கு தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு மங்கி விழுங்க முடியாமல் இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 1990ஐ அழையுங்கள்.

அனுமதிக்கப் போகும்போது

எல்லா மருந்தையும் அட்டைகளோடு, கண் சொட்டு, பம்ப் உட்பட, ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஒவ்வொன்றுக்கும் “எப்போது நிறுத்துவது, ஒப்பரேஷன் காலையில் எடுப்பதா” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விடை ஒவ்வொன்றுக்கும் வேறு. மெட்ஃபோமினும் கிளிக்ளசைடும் அன்று காலையில் கிடையாது. லோசார்ட்டனை முதல் நாளே நிறுத்தச் சொல்வதுண்டு. அஸ்பிரினைப் பெரும்பாலும் தொடர்வார்கள். இடையில் யாராவது இரத்தக் கட்டியைத் தடுக்கும் குளொப்பிடோகிரெல் சேர்த்திருந்தால் வழமையாக 5 நாளுக்கு முன் நிறுத்த வேண்டும். அட்டெனலோலை நான்கு நாள் விட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து மறைத்தால், அவர் ஒழுங்காக எடுத்தவர் என்ற கணக்கில் எல்லாவற்றையும் முடிவெடுப்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

இங்கேதான் அதிகம் பிழைக்கிறது. வைத்தியசாலையில் இருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்டில் பிசோப்ரோலோல் என்று புதிதாக எழுதியிருக்கும். வீட்டில் பிஸ்கட் டின்னுக்குள் பழைய அட்டெனலோல் அட்டை இருக்கும். பிரஷர் குளிசை வேறு, ஒப்பரேஷன் குளிசை வேறு என்று நினைத்து இரண்டையும் விழுங்கி, துடிப்பு நாற்பதுக்கு இறங்கி, மலசலகூடத்தில் மயங்கி விழுவார்கள். இரண்டும் ஒரே வகை. “லோல்” என்று முடியும் இரண்டு பெயர்கள் ஒரே நேரத்தில் இருந்தால் எடுக்குமுன் கேளுங்கள். கொம்பனி மாறினால் பெட்டியும் நிறமும் மாறும் என்பதால், பார்மசியில் பெட்டியைப் பார்க்காமல் மருந்தின் பெயரைப் பாருங்கள். மெட்டோப்ரோலோல் எழுதியிருந்தால் நாளுக்கு இருமுறை எடுக்கும் சாதாரண வகையா, ஒருமுறை எடுக்கும் நீண்டநேர வகையா என்று உறுதிப்படுத்துங்கள். நீண்டநேர வகையை அரைக்கவோ சப்பவோ கூடாது.

நாடியைக் காலையில் குளிசைக்கு முன், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் இரண்டு விரல் வைத்து முழுதாக 60 வினாடி எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குவது ஒழுங்கில்லாத துடிப்பில் பிழைக்கும். எண்ணிக்கையோடு “ஒழுங்கு” அல்லது “ஒழுங்கில்லை” என்றும் எழுதுங்கள். துடிப்பு ஒழுங்கில்லாதபோது பிரஷர் மெஷினும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றைக் காட்டும், மூன்று தடவை எடுத்துச் சராசரியைப் பாருங்கள். பலருக்கு ஏஎஃப் வந்தாலும் படபடப்பே தெரியாது, ஏன் என்று தெரியாத களைப்பு மட்டும் இருக்கும். ஆகவே ஆறு வாரத்துக்கு இந்த எண்ணிக்கை முக்கியம்.

உட்கார்ந்திருக்கும்போது துடிப்பு 50க்குக் கீழே அல்லது மேல் பிரஷர் 90க்குக் கீழே என்றால் அந்த வேளைக் குளிசையை எடுக்காமல் அன்றே பிரிவுக்கு அழையுங்கள். கால் மணித்தியாலம் ஓய்வெடுத்தும் 110க்கு மேலே நின்றால், அல்லது புதிதாக ஒழுங்கு தப்பினால், அதே நாள் ஈசிஜி எடுக்க வேண்டும். மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுநோ, வாய் கோணல், கை கால் சோர்வு, பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் 1990. காலி வீதி நெரிசலில் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டாம். அம்புலன்ஸில் ஒக்சிசனும் கவனிக்க ஆளும் இருக்கும், அழைப்புக்கும் பயணத்துக்கும் காசில்லை.

ஏஎஃப் வந்து 48 மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து வேண்டுமா என்ற கேள்வி எழும். வயது 65க்கு மேல், பிரஷர், சீனி, இரத்தக்குழாய் நோய் என்று அப்பாவின் பக்கவாத ஆபத்துக் கணக்கில் நான்கு புள்ளி சேர்கிறது. அது குறைவான எண்ணல்ல. மறுபக்கத்தில் புதிய காயங்களில் இரத்தம் கசியும் ஆபத்து. இந்த இரண்டையும் எடைபோட்டுப் பார்ப்பது சத்திரசிகிச்சை நிபுணரின் வேலை. வோஃபரின் கொடுத்தால், இரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். கீரையை விட வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் அளவை மாற்றாமல் இருந்தால் சரி. ஏறத்தாழ 60 நாளில் துடிப்பைப் பார்த்து, தொடர்வதா நிறுத்துவதா என்று மறுபடி முடிவெடுப்பார்கள்.

வாழ்நாள் முழுக்கவா என்ற கேள்விக்கு: ஏஎஃபைத் தடுக்க மட்டும் கொடுத்த பீட்டா புளொக்கர் என்றால், வேறு காரணம் இல்லாதபோது முதல் சில வாரம் கழிந்த கிளினிக்கில் குறைத்து நிறுத்தலாம். அப்பாவுக்கு வேறு காரணம் இருக்கிறது. அவர் பிரஷருக்காக ஏற்கெனவே எடுத்தவர், ஆகவே தொடர வாய்ப்பு அதிகம். ஒப்பரேஷனுக்குப் பிந்திய எக்கோவில் இதயத்தின் பம்ப் பலம் 40 சதவீதம் அல்லது அதற்குக் கீழ் என்று வந்தால் அட்டெனலோல் பொருந்தாது. அந்த நிலையில் ஆயுளைக் கூட்டுவதாக நிரூபிக்கப்பட்டவை பிசோப்ரோலோல், காவெடிலோல், நீண்டநேர மெட்டோப்ரோலோல். இழுப்பு இருப்பதால் காவெடிலோல் வேண்டாம், மற்ற இரண்டில் ஒன்று என்று கேளுங்கள். பலம் நன்றாக இருந்து, துடிப்பும் ஒழுங்காக இருந்தால், பிரஷருக்கு எந்த மருந்து என்பதை அவசரமில்லாமல் மூன்றாம் மாதக் கிளினிக்கில் கதைக்கலாம். அதுவரைக்கும் புதிய கார்டில் உள்ளதை மட்டும் கொடுங்கள். டின்னில் இருக்கும் பழைய அட்டைகளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய், இவை இனி வேண்டுமா என்று காட்டிவிட்டு ஒதுக்கிவிடுங்கள்.